"யோசிச்சுப் பேசு"ன்னு எல்லாரும் சொல்றாங்க, எதை யோசிக்கிறதுன்னு யாரும் சொல்லலையே

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 29 வயசு. காரைக்குடி பக்கத்துல ஆத்தங்குடி கல்லு, அதான் கையால செய்யிற தரை டைல்ஸ், அதைச் செய்யிற ஒரு பட்டறையோட ஷோரூம்ல வேலை பாக்குறேன். ஆர்டர் எடுக்கிறது, கஸ்டமர்கிட்ட பேசுறது, பில் போடுறது எல்லாம் நான்தான். என் பிரச்சனை என் வாய்தான், யோசிக்காம பேசிடுறேன். கோயம்புத்தூர்ல இருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் போன்ல 1200 கல்லு பத்து நாள்ல கிடைக்குமான்னு கேட்டார், அவர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள கண்டிப்பா சார்னு சொல்லிட்டேன், பட்டறையில கேட்டா வாய்ப்பே இல்லைங்கிறாங்க. கடைசில எங்க ஓனர் ஆச்சிதான் அவர்கிட்ட பேசி சமாளிச்சாங்க. அப்பறம் ஒரு லாட்ல சிவப்பு வெளிறிப்போயி வந்துச்சு, கோவத்துல வாட்ஸ்அப் குரூப்ல "யாரு போட்டது இது, கண்ணு தெரியலையா"ன்னு போட்டுட்டேன். அதைப் போட்டது எங்க மேஸ்திரி அண்ணன். அவருக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் கண்ல புரை ஆபரேஷன் ஆச்சு, அந்த நேரத்துல எனக்கு அது நெனப்புலயே வரல. அவர் ஒண்ணும் சொல்லாம குரூப்ல இருந்து வெளிய போயிட்டார், இப்ப எங்கிட்ட நேரா பேசுறதில்ல, எதுவா இருந்தாலும் பையன்கிட்ட சொல்லி விடுறார். முன்னாடியும் அவர்கிட்ட ஏதாச்சும் கேட்டா உடனே பதில் வராது, நானே ஒரு முடிவு பண்ணிட்டுப் போயிடுவேன். மூணாவது, ஆச்சி ஒரு கஸ்டமருக்கு ரேட்டு சொல்லும்போது "இல்ல ஆச்சி அது பழைய ரேட்டு"ன்னு அவங்க முன்னாடியே சொல்லிட்டேன். நான் சொன்னது சரிதான், ஆனா ஆச்சி முகம் மாறிடுச்சு, சாயங்காலம் கூப்பிட்டு "யோசிச்சுப் பேசு ஆத்தா"ன்னு மட்டும் சொன்னாங்க. வீட்ல அம்மா, "அந்தக் காலத்துல பெட்டியடிப் பையன் வாயே தொறக்க மாட்டான், அப்பிடித்தான் தொழில் கத்துக்கிட்டாங்க, நீயும் வாயை மூடிக்கிட்டு இரு"ங்கிறாங்க. இப்ப பயந்துபோயி பேசுறதையே கொறைச்சுட்டேன். போன வாரம் மீட்டிங்ல ஒரு ஆர்டர் சீட்டைப் பாத்தேன், ரெண்டு ரூமுக்கு ஆர்டர், ஒரு ரூமுக்குத்தான் பார்டர் கல்லு எழுதியிருக்கிற மாதிரி தெரிஞ்சுது, ஆனா நான் வாயைத் தொறக்கல. இது என் பிறவிக் குணமா மேடம்? யோசிச்சுப் பேசுறதுன்னா எப்படி?

பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்:

வணக்கம்மா. உங்க லெட்டரைப் படிச்சதும் ஆர்க்கிடெக்ட் கதையோ ரேட்டு கதையோ என் மனசுல நிக்கல, கடைசில போற போக்குல எழுதியிருக்கீங்களே அந்த பார்டர் கல்லு கணக்கு, அதுதான் நின்னுச்சு. தயவுசெஞ்சு இதைப் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே ஆச்சிகிட்ட அதைச் சொல்லிருங்க, அடுத்த மீட்டிங் வரட்டும்னு இருக்காதீங்க. பத்து இஞ்ச் கல்லு, 15 அடிக்கு 10 அடி ரூம்னு வச்சுக்குவோம், மொத்தம் 216 கல்லு, அதுல சுத்தி வர்ற ஓரம் மட்டும் 56, நாலு மூலைக் கல்லு போக 52 பார்டர். ஒரு ரூமுக்கு இது விட்டுப்போச்சுன்னா அது எப்ப தெரியும், கொத்தனார் போயி தரையில உக்காந்து கல்லைப் பிரிச்சு அடுக்கிப் பாக்கும்போதுதான் தெரியும். அதுக்கப்பறம் திரும்ப கலர் கலந்து போட்டா, கையால கலக்குற கலர் பழைய லாட்டோட அப்பிடியே சேராதுன்னு என்னை விட உங்களுக்கு நல்லாத் தெரியும். அந்த வீட்டுக்காரங்க எத்தனை வருஷம் அந்த தரையைப் பாத்துக்கிட்டு இருக்கணும் சொல்லுங்க. "ஆச்சி, அந்த ரெண்டு ரூம் ஆர்டர்ல பார்டர் ஒரு ரூமுக்குத்தான் எழுதியிருக்கிற மாதிரி எனக்குத் தெரிஞ்சுது, நான் தப்பா பாத்திருந்தாலும் பரவால்ல, பிளானை ஒருதடவை எடுத்துப் பாத்துருவோமா" இவ்வளவுதான், போன்லயே சொல்லலாம், போன வாரமே ஏன் சொல்லலன்னு ஆச்சி கேட்டா பயந்துட்டேன் ஆச்சின்னு உள்ளதைச் சொல்லுங்க.

சொல்லியாச்சா. சரி, இப்ப உங்க கேள்விக்கு வர்றேன்.

நான் இந்தப் பக்கம் கடைகள், பட்டறைகள், பழைய வீடுகளை ஓட்டலா மாத்தியிருக்கிற இடங்கள்னு பல எடத்துல வேலை பாக்குறவங்களோட உக்காந்து பேசுறவ, எங்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் உங்களை மாதிரியே "நான் யோசிக்காம பேசிடுறேன்"னு ஒரே வரில சொல்லிட்டு அழுவாங்க. அந்த ஒரே வரிதான் கோளாறு. நீங்க எழுதின மூணு சம்பவத்தையும் தனித்தனியா எடுத்து வச்சுப் பாருங்க. ஆர்க்கிடெக்ட்கிட்ட பேசினப்ப உங்களுக்கு விஷயம் தெரியாது, தெரியாமலே பதில் சொன்னீங்க. குரூப்ல போட்டப்ப கோவம், அதுவும் யார் மேலன்னு தெரியாத கோவம். ஆச்சி முன்னாடி பேசினப்ப விஷயமும் தெரியும், கோவமும் இல்ல, சொன்னதும் சரி, எடம்தான் தப்பு. இந்த மூணுக்கும் ஒரே மருந்தா வாயை மூடிக்கிட்டா என்ன ஆகும், பார்டர் கணக்குல ஆன மாதிரிதான் ஆகும். அதனால உங்க பிரச்சனை உங்க வாய் இல்லம்மா. யோசிக்கிறதுன்னா நல்ல வார்த்தையா தேடுறதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க, நிறைய பேர் அப்பிடித்தான் நெனைக்கிறாங்க. வார்த்தை அப்பறம். பேசுறதுக்கு முன்னாடி கேட்டுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: இதுல எனக்கு எது தெரியாது?

கல்லு எத்தனை நாள்ல காயும்னு தெரியுமா. இந்த லாட்டைப் போட்டது யார்னு தெரியுமா. ஆச்சி பழைய ரேட்டை மறந்து சொல்றாங்களா இல்ல பழகின கஸ்டமர்னு வேணும்னே கொறைச்சுச் சொல்றாங்களான்னு தெரியுமா. இந்த மூணுல எதுவுமே அந்த நிமிஷத்துல உங்களுக்குத் தெரியாது, ஆனா மூணுக்கும் தெரிஞ்ச மாதிரி பேசியிருக்கீங்க.

பிறவிக் குணமான்னு கேட்டீங்க. இல்ல. மனுசங்க பேசுற விதமே அப்பிடித்தான். 2009-ல ஜப்பானியம், இத்தாலியன், டேனிஷ், கொரியன்னு 10 மொழிகள்ல ஜனங்க சாதாரணமா பேசிக்கிறதை பதிவு பண்ணி ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஒருத்தர் கேள்வி கேட்டு முடிச்சதுக்கும் அடுத்தவர் பதில் ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி சராசரியா 200 மில்லி செகண்ட் பக்கம்தான், அதாவது ஒரு செகண்ட்ல அஞ்சுல ஒரு பங்கு. ஒரு படத்தைக் காட்டி இது என்னன்னு கேட்டா அந்த ஒரு வார்த்தை வாயில வர்றதுக்கே 600 மில்லி செகண்ட் கிட்ட ஆகுது, அப்ப என்ன அர்த்தம், எதிர்ல இருக்கிறவர் பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே நாம எல்லாரும் பதிலைத் தயார் பண்ண ஆரம்பிச்சுடுறோம், நீங்க மட்டும் இல்ல. இதுல உங்களுக்கு ரொம்ப முக்கியமான ஒண்ணு இருக்கு, "ஆமா"ங்கிற பதில் "இல்ல"ங்கிற பதிலை விட சீக்கிரம் வருதுன்னும் அதே ஆராய்ச்சியில கண்டுபிடிச்சாங்க. முடியும் சார், கண்டிப்பா சார், பண்ணிரலாம் சார் இதெல்லாம் வழுக்கிக்கிட்டு வந்துடும், முடியாதுங்கிறது தயங்கித்தான் வரும். உங்க வாயில அன்னிக்கு முந்தி வந்தது எதுன்னு பாருங்க. போன்ல இன்னும் மோசம், முகம் தெரியாததால ரெண்டு செகண்ட் அமைதியா இருந்தாலே லைன் கட்டாயிடுச்சோன்னு ஹலோ ஹலோங்கிறாங்க, அதனால அந்த எடத்தை எதையாச்சும் சொல்லி நெரப்பணும்னு தோணும்.

அதனால பேசாம இருந்து யோசிங்கன்னு நான் சொல்ல மாட்டேன், வேலை செய்யிற எடத்துல அது நடக்காது, கஸ்டமர் கேட்டுட்டு நிக்கும்போது நீங்க மேல பாத்துக்கிட்டு இருந்தா அவர் என்ன நெனைப்பார். யோசிக்கப் போறேங்கிறதையே வாய்விட்டு சொல்லிருங்க. "சார், 1200 கல்லுன்னா நான் பட்டறையில கேட்டுத்தான் சொல்லணும், இன்னிக்கு நாலு மணிக்குள்ள நானே கூப்பிடுறேன்." இதுல ரெண்டு விஷயம் விட்டுப்போகக் கூடாது, ஒண்ணு அந்த நாலு மணி, இன்னொன்னு நானே கூப்பிடுறேங்கிறது. பாத்துட்டு சொல்றேன்னு மட்டும் சொன்னா நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும், பாக்கவும் மாட்டாங்க சொல்லவும் மாட்டாங்க. நாலு மணிக்கு பதில் ரெடியா இல்லைன்னாலும் கூப்பிட்டு "இன்னும் மேஸ்திரிகிட்ட கேட்டு முடியல, காலையில பத்துக்கு சொல்லிடுறேன்"னு சொல்லணும், அந்த ஒரு போன்தான் உங்க வார்த்தைக்கு மதிப்பு. நாள் கூடுதலா கேட்டா கஸ்டமர் ஓடிடுவாங்கன்னு ஒரு பயம் எல்லா ஷோரூம்லயும் இருக்கு, நான் பாத்த வரைக்கும் நாள் கூட ஆகும்னு முன்னாடியே சொன்னதுக்காக போனவங்களை விட சொன்ன நாள்ல சரக்கு வரலைன்னு போனவங்கதான் அதிகம்.

போனை வைக்கிறதுக்கு முன்னாடி நீங்க கேக்க வேண்டியது நிறைய இருக்கு, யோசிக்கிறதுல பாதி கேள்விதான். எந்த எடத்துக்கு சார் இந்தக் கல்லு, ஹாலா வெராண்டாவா, பார்டர் வருதா, தளம் போட்டு முடிச்சாச்சா, கொத்தனார் எப்ப வர்றார், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சிருக்காங்களா. இப்பிடிக் கேட்டா தெரியும், பத்து நாள்ங்கிறது பல நேரம் அவங்களா சும்மா சொல்ற கணக்கு. தை மாசம் முகூர்த்தம் வச்சுக்கிட்டு ஐப்பசியிலயே பத்து நாள்ல வேணும்பாங்க, அதே ஆள்கிட்ட உக்காந்து பேசினா முதல்ல ஹாலுக்கு மட்டும் வந்தா போதும் மத்தது அப்பறம்னு ஒத்துக்குவாங்க. உங்க பக்கத்துல எதுக்கு நாள் ஆகுதுன்னும் அவங்களுக்குச் சொல்லுங்க, அது சாக்கு இல்ல, நெசம். கண்ணாடி மேல அச்சை வச்சு கலர் ஊத்தி, மேல சிமெண்ட்டும் மணலும் போட்டு, அது எறுகி, தண்ணித் தொட்டியில பல நாள் ஊறி, வெயில்ல காஞ்சு வர்ற கல்லு அது, சூளையில வச்சு வேகவைக்கிற டைல்ஸ் இல்ல, அவசரத்துக்கு எடுத்தா பலம் இருக்காது, ஐப்பசி கார்த்திகை மழையில இன்னும் நாள் இழுக்கும். இதை ஒரு கஸ்டமருக்கு பொறுமையா சொன்னீங்கன்னா அவர் கேப்பார், கையால செய்யிற கல்லுன்னுதானே தேடி வந்திருக்கார்.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லக்கூடிய ஆள் மேஸ்திரி அண்ணன். அவர்கிட்ட கேட்டா உடனே பதில் வராது நானே முடிவு பண்ணிடுவேன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு இந்த வரி ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அமெரிக்காவுல மேரி பட் ரோன்னு ஒரு அம்மா 1970-கள்ல பள்ளிக்கூட வகுப்புகளை ஆராய்ச்சி பண்ணாங்க, டீச்சர் ஒரு கேள்வி கேட்டுட்டு பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்காங்கன்னு பாத்தா ஒரு செகண்ட் பக்கம்தான் காத்திருக்காங்க, அதுக்குள்ள பதில் வரலைன்னா அடுத்த பிள்ளைகிட்ட போயிடுறாங்க இல்ல அவங்களே சொல்லிடுறாங்க. அதையே மூணு செகண்டா ஆக்கினப்ப பிள்ளைங்க சொன்ன பதில் நீளமா வந்துச்சு, யோசிச்ச பதிலா வந்துச்சு, வாயே தொறக்காத பிள்ளைங்க கூட பேச ஆரம்பிச்சாங்க. மூணு செகண்ட்தான். கையில கலவையை வச்சுக்கிட்டு நிக்கிற ஒரு மனுசன், மனசுக்குள்ள எத்தனை பலகை காலியா இருக்கு, தொட்டியில எடம் இருக்கா, யார் யார் லீவுன்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கார், நீங்க அதுக்குள்ள சரி அண்ணே நான் பாத்துக்கிறேன்னு திரும்பிட்டா அவருக்கு எப்பிடி இருக்கும். நீங்க வேகமா பேசுறது மட்டும் இல்ல, அடுத்தவங்க மெதுவா பேசுறதுக்கு எடமும் விடல. கேள்வியைக் கேட்டுட்டு அங்கயே நில்லுங்க. அந்த நேரத்துல போனை எடுத்துப் பாக்காதீங்க.

ஆச்சி விஷயத்துக்கு வர்றேன், இது நீங்க பயப்படுற அளவுக்கு பெரிசில்ல. ஆச்சி உங்களைத் திட்டல, எல்லார் முன்னாடியும் எதுவும் சொல்லல, சாயங்காலம் தனியா கூப்பிட்டு ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டாங்க, அதுலயே எடம் பாத்துப் பேசுறது எப்பிடின்னு உங்களுக்குக் காட்டிட்டாங்க. அவங்ககிட்ட ஒரு நாள் போயி கேளுங்க, "ஆச்சி, கஸ்டமர் இருக்கும்போது ரேட்டுல ஏதாச்சும் மாறியிருந்தா நான் எப்பிடி உங்களுக்குச் சொல்லணும்"னு. அவங்களே ஒரு வழி சொல்லுவாங்க. "ஆச்சி பில் புக்கைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா"ன்னு நீங்க சொன்னா ஏதோ இருக்குன்னு அவங்க புரிஞ்சுக்கிற மாதிரி பேசி வச்சுக்கலாம். அதை விட நல்லது, ரேட்டு மாறுற அன்னிக்கே தேதி போட்டு ஒரு தாள் பிரிண்ட் எடுத்து ஆச்சி மேசையில கண்ணாடிக்கு அடியில வச்சுருங்க, பழைய தாளைக் கிழிச்சுப் போட்டுருங்க, பேசவே தேவையிருக்காது. பேச்சுல தீக்கணும்னு நாம மல்லுக்கட்டுற பல விஷயம் உண்மையில ஒரு தாள்ல தீர்ற விஷயம். ஆனா ஒண்ணு, கஸ்டமர் பணத்தை எண்ணிக் குடுக்கப் போறார், தப்பான தொகை, ஆச்சி கவனிக்கலைன்னா அப்ப எடம் பாக்காதீங்க, "ஆச்சி ஒரு நிமிஷம்"னு சொல்லிருங்க, முகம் மாறினா மாறட்டும், சாயங்காலம் பேசிக்கலாம்.

அம்மா சொன்ன பெட்டியடிப் பையன் கதை. அம்மா சொல்றதுல உண்மை இருக்கு, இந்த ஊர் செட்டியார்கள் வட்டித்தொழில் கத்துக்கிட்டதே அப்பிடித்தான், சின்ன வயசுல பணப்பெட்டி பக்கத்துல உக்கார வச்சுருவாங்க, பெரியவங்க பேசுறதையும் கணக்கு எழுதுறதையும் பாத்துப் பாத்துக் கத்துக்கணும். ஆனா அம்மா பாதியில நிறுத்திட்டாங்க. பெட்டியடிப் பையனுக்கு அடுத்து அடுத்தாள்ங்கிற உதவியாள், அதுக்கு அடுத்து கடையையே பாத்துக்கிற மேலாள்னு இருந்துச்சுல்ல. அந்த மேலாள் ரங்கூன்லயோ பினாங்குலயோ கொழும்புலயோ உக்காந்துக்கிட்டு இவனுக்குக் கடன் குடுக்கலாம் அவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு தானே முடிவெடுக்கணும், முதலாளி கடல் தாண்டி இந்தப் பக்கம் இருக்கார், கடுதாசி போயி வர்றதுக்கே எத்தனை நாள். வாயை மூடிக்கிட்டு இருக்க மட்டும் கத்துக்கிட்ட ஒருத்தனால அந்த வேலையைப் பாத்திருக்க முடியுமா. அவங்க காது குடுத்தது பின்னாடி பேசுறதுக்காகத்தான். நீங்க இப்ப பெட்டியடியில இல்ல, ஆர்டர் எடுக்கிற எடத்துல இருக்கீங்க, உங்க வாய்தான் அந்தப் பட்டறையோட வாய், அது மூடிக்கிச்சுன்னா பார்டர் கல்லு விட்டுப்போகும்.

இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நம்ம பக்கம் வேலைக்குப் போற பொண்ணுங்ககிட்ட யோசிச்சுப் பேசுன்னு சொல்றது ரெண்டு விதமா இருக்கு. ஆச்சி சொன்னது ஒரு விதம், அது உங்களை வளக்கிறதுக்கு. பேசாதேங்கிறதை மரியாதையா சொல்றதுக்கும் அதே வார்த்தையைத்தான் எடுத்துக்கிறாங்க. யாராச்சும் உங்ககிட்டயோ கூட வேலை பாக்குற பிள்ளைங்ககிட்டயோ தப்பா நடந்துக்கிட்டாலோ, கணக்குல திருட்டுத்தனம் பண்ணச் சொன்னாலோ, அங்க வார்த்தையை எடை போட்டுக்கிட்டு நிக்காதீங்க. அதே மாதிரி ஆபத்துன்னா யோசிக்கவே கூடாது, லோடு ஏத்தும்போது கல்லு அடுக்கு சாயுது, கண்ணாடி ஒடைஞ்சு கெடக்கிற எடத்துல பையன் வெறுங்கால்ல நடக்குறான், மோட்டார் ஒயர் தண்ணியில கெடக்கு, அங்கெல்லாம் கத்துங்க, அண்ணன் தம்பி மரியாதையெல்லாம் அப்பறம்.

இனி வாட்ஸ்அப்பும் மேஸ்திரி அண்ணனும்.

மெசேஜை 15 நிமிஷத்துக்குள்ள திருத்தலாம், ரெண்டு நாள் தாண்டி இன்னும் கொஞ்ச நேரம் வரைக்கும் எல்லாருக்கும் சேத்து அழிக்கலாம், இதெல்லாம் இருக்குங்கிற தைரியத்துல நிறைய பேர் போட்டுடுறாங்க. படிச்சவங்க மனசுல இருந்து எதையும் அழிக்க முடியாது, போதாததுக்கு மெசேஜ் அழிக்கப்பட்டதுன்னு ஒரு வரி வேற அங்க நிக்கும், என்ன போட்டிருந்துச்சுன்னு நாலு பேர் விசாரிப்பாங்க. குரூப்ல நீங்க ஒருத்தரைத்தான் கேட்டீங்க, ஆனா படிச்சது ஆச்சி, அக்கவுண்ட்ஸ் பாக்குறவங்க, அவர் தொழில் கத்துக்குடுத்த பையன்கள் எல்லாரும். ஒரு மேஸ்திரிக்கு கண்ணுதானே எல்லாம், சிவப்பு சரியா வந்திருக்கான்னு பாக்குறது அந்தக் கண்ணு, ஆபரேஷன் ஆனதுல இருந்து அவருக்கே உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்திருக்கலாம், பழையபடி நமக்குத் தெரியுதா இல்லையான்னு. நீங்க அதை மனசுல வச்சு சொல்லலைன்னு எனக்குப் புரியுது, அவருக்கு அது தெரிய வழியே இல்ல.

இனிமேல் குரூப்ல கல்லைப் பத்தி மட்டும் எழுதுங்க, ஆளைப் பத்தி எழுதாதீங்க. போட்டோ போடுங்க, லாட் தேதி போடுங்க, "இதுல சிவப்பு முந்தின லாட்டை விட வெளுப்பா இருக்கு, கஸ்டமருக்கு வெள்ளிக்கிழமை போகணும், என்ன பண்ணலாம்னு மேஸ்திரி அண்ணன் பாத்துச் சொல்லுங்க"ன்னு எழுதுங்க. யாரு யாருன்னு ஆரம்பிக்கிற எந்தக் கேள்வியும் குரூப்புக்குப் போகக் கூடாது, அது தெரிஞ்சே ஆகணும்னா எந்திரிச்சு பட்டறைக்கு நடந்து போயி கேளுங்க, அந்த நடையிலயே கோவம் பாதி எறங்கிடும். உங்களுக்குக் கோவம் வரக் கூடாதுன்னு நான் சொல்லல, கல்லு வெளுத்துப் போயி வந்தா கஸ்டமர்கிட்ட நிக்கப் போறது நீங்கதானே, கோவம் வரத்தான் செய்யும். எனக்கு இப்ப கோவமா இருக்குன்னு மனசுக்குள்ள ஒருதடவை சொல்லிக்கிட்டு அப்பறம் போனை எடுங்க.

மன்னிப்பு கேக்குறதுக்கு அவரை ஷோரூமுக்குக் கூப்பிட்டு அனுப்பாதீங்க, நீங்க பட்டறைக்குப் போங்க. வேலை நடுவுல வேணாம், கலவை கையில இருக்கும்போது மனுசன் எதைக் கேப்பார், சாயங்காலம் கைகால் கழுவிட்டு நிக்கிற நேரமாப் பாத்துப் போங்க. பையனை விட்டு சொல்லி அனுப்பாதீங்க, அவர் அப்பிடிப் பண்றார்ங்கிறதுக்காக நீங்களும் பண்ணாதீங்க. சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். "அண்ணே, குரூப்ல கண்ணு தெரியலையான்னு நான் போட்டது தப்பு. உங்களுக்கு ஆபரேஷன் ஆயிருக்கிறதை நெனைக்காம எழுதிட்டேன். எல்லாரும் பாக்குற எடத்துல உங்களை அப்பிடி எழுதினது ரொம்பத் தப்பு, மன்னிச்சுக்கங்க." இதுக்கு மேல டென்ஷன்ல போட்டுட்டேன்னு சொல்லாதீங்க, கஸ்டமர் திட்டினாருன்னு சொல்லாதீங்க, ஆனா அந்த லாட்டு வெளுத்துத்தானே இருந்துச்சுன்னு வாயெடுக்கவே எடுக்காதீங்க. லாட்டு விஷயம் இன்னொரு நாள் பேசிக்கலாம், அன்னிக்கு அது வேணாம். சொல்லிட்டு, "குரூப்லயும் நான் ஒரு வரி போடட்டுமா அண்ணே"ன்னு அவர்கிட்டயே கேளுங்க. எல்லாரும் பாத்த எடத்துல நடந்த தப்பு, எல்லாரும் பாக்கச் சரி பண்ணணும்னு நான் நெனைக்கிறேன், ஆனா அவருக்கு அதைத் திரும்பக் கெளறுறது பிடிக்காம இருக்கலாம், அப்ப அவர் சொல்றதுதான். திரும்ப குரூப்ல சேருங்கன்னு கெஞ்சாதீங்க, ஆச்சியை நடுவுல விட்டு சமாதானம் பேச வைக்காதீங்க.

அவர் சரி விடும்மான்னு சொல்லலாம், ஒண்ணுமே சொல்லாம துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போகலாம். போனாருன்னா பின்னாடியே போகாதீங்க. அடுத்த நாள் ஒரு ஆர்டர் வரும்ல, இத்தனை கல்லு, எத்தனை நாள் ஆகும் அண்ணேன்னு கேக்க நீங்களே நேர்ல போங்க, கேட்டுட்டு நில்லுங்க, அவர் என்ன நாள் சொல்றாரோ அதையே கஸ்டமருக்கு சொல்லுங்க, ஒரு நாள் கூட கொறைக்காதீங்க.